கையும் கருவியும்: தானியங்கி வானோட்டம், டிரிம், இந்திய விமான விபத்து விசாரணைகள் (1978–2019)

ஆய்வுச் சுருக்கம்

விமானத்தை ஓட்டும் பணியில் ஒரு பகுதியைக் கருவியிடம் ஒப்படைத்ததன் விளைவாக நேர்ந்த விபத்துகள், பொதுவாக 'விமானியின் பிழை' என்னும் ஒற்றைத் தொடரால் குறிக்கப்படுகின்றன. 1978ஆம் ஆண்டு மும்பை, 1990ஆம் ஆண்டு பெங்களூர், 2010ஆம் ஆண்டு புனே வழித்தடம் ஆகிய மூன்று இந்திய நிகழ்வுகளை வரலாற்று வரிசையில் வைத்து, அவற்றை ஸ்ட்ராஸ்பூர், நகோயா, அட்லாண்டிக், ஜாவாக் கடல் நிகழ்வுகளோடு ஒப்பிட்டு, அத்தொடரின் போதாமையை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. ஒப்பிடப்படும் நிகழ்வுகளுட் பெரும்பாலானவற்றில் கருவி பழுதாகவில்லை. எவரும் இட்டதாக நினைவில் கொள்ளாத கட்டளையை அது நிறைவேற்றியது என்பதே இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: தானியங்கி வானோட்டி, டிரிம், பெங்களூர் விபத்து, இந்தியன் ஏர்லைன்ஸ், விபத்து விசாரணை, அரக்கோணம்.

முன்னுரை

பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அரக்கோணத்தில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி வானூர்தித் தளம் அமைந்துள்ளது. 1992 மார்ச்சில் பணியில் அமர்த்தப்பட்ட இத்தளத்திலிருந்து டுப்போலெவ் 142 வகைக் கண்காணிப்பு விமானங்கள் 2017 மார்ச்சு வரை பறந்தன. 2013 முதல் பி-8ஐ விமானங்கள் இங்குப் பணிபுரிகின்றன. இவை போயிங் 737-800 என்னும் பயணியர் விமானத்தின் உடலமைப்பைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. அந்த 737 குடும்பம் இக்கட்டுரையில் இரு இடங்களில் இடம்பெறுகின்றது.

ஆற்காட்டுப் பகுதிக்கும் வான்போக்குவரத்துக்கும் உள்ள தொடர்பு படைத்துறையோடு முடிவதன்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய தோல்தொழில் நகரங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட நெடுவழியில் உள்ளன. ஏற்றுமதி வணிகத்தின் பொருட்டு வெளியூர் செல்லும் இந்நகரத்தார் இவ்விரு நகரங்களின் விமான நிலையங்களையே நாடுவர். 2008 மே மாதம் வரை பெங்களூரின் பயணியர் விமான நிலையமாக விளங்கியது எச்.ஏ.எல். நிலையம் ஆகும். அந்நிலையத்தின் ஓடுபாதைக்குச் சற்று முன்னே 1990இல் நேர்ந்த விபத்தே இக்கட்டுரையின் மையப்பொருள்.

தானியங்கி வானோட்டமும் டிரிமும்

மனிதக் கையின் துணையின்றி விமானத்தை நிலைநிறுத்தும் முயற்சி, விமானம் தோன்றிய பத்தாண்டுகளுக்குள்ளாகவே தொடங்கிவிட்டது. 1914 ஜூன் மாதம் பாரிசு நகருக்கு அருகே, சேன் ஆற்றின்மேல் லாரன்ஸ் ஸ்பெரி என்னும் அமெரிக்க இளைஞர் தம் தந்தை எல்மர் ஸ்பெரியின் சுழலாழிக் கருவியைப் பொருத்திய விமானத்தில், இரு கைகளையும் உயர்த்திக் காட்டியவாறு பறந்தார். அவருடைய உதவியாளர் இறக்கைமீது நடந்து சென்றபோதும் விமானம் சாயவில்லை. கையை எடுத்துவிட்டாலும் விமானம் நிலைபெறும் என்பதே அன்று கூட்டத்தினருக்கு மெய்ப்பிக்கப்பட்டது.

தானியங்கி வானோட்டியோடு இணைத்து நோக்கத்தக்க மற்றோர் அமைப்பு, விமானிகள் 'டிரிம்' என வழங்கும் சமநிலை ஒழுங்கு ஆகும். விமானத்தின் வேகமோ எடைப்பரவலோ மாறும்போது அதன் மூக்கு ஏறவோ தாழவோ முற்படும். அதனைத் தடுக்க விமானி கட்டுப்பாட்டுத் தண்டை ஓயாது இழுத்தோ தள்ளியோ பிடித்திருத்தல் வேண்டும். அச்சுமையைக் கையிலிருந்து அகற்றி வாற்பகுதியில் ஏற்றிவைப்பதே டிரிமின் பணி. பெரிய பயணியர் விமானங்களில் வாலின் கிடைத்தளம் முழுவதுமே ஒரு திருகுதண்டின் உதவியால் மெல்லச் சாய்ந்து இப்பணியைச் செய்கின்றது. பரப்பில் பெரிதாகையால், அதன் பின்விளிம்பில் உள்ள ஏற்றத்தட்டைக் காட்டிலும் அதற்கு ஆற்றல் மிகுதி. விமானி தண்டைத் தள்ளும்போது அசைவது ஏற்றத்தட்டு. டிரிம் அசைப்பது கிடைத்தளம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சென்றால் இறுதியில் வெல்வது பெரும்பாலும் கிடைத்தளமே.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகின்றது. தண்டின் நிலை விமானியின் இப்போதைய விருப்பத்தைக் காட்டும். டிரிமின் நிலையோ சற்று முன்னர் இடப்பட்ட கட்டளையைக் காட்டும். அக்கட்டளையை இட்டவர் மனிதராயின் அவருக்கு அது நினைவிருக்கும். இட்டது தானியங்கி வானோட்டியாயின், அதனை அறிய விமானி கருவிப் பலகையையோ டிரிம் சக்கரத்தையோ பார்த்தாக வேண்டும். கட்டுப்பாட்டு இழப்பின் வரலாறு பெரிதும் இந்த இடைவெளியில் நிகழ்ந்த வரலாறாகும்.

மும்பை, 1978

1978 ஜனவரி 1ஆம் நாள் இரவு மும்பையிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 747 விமானம், புறப்பட்ட இரு நிமிடங்களுக்குள் பாந்திராக் கடற்கரைக்கு அப்பால் அரபிக்கடலில் வீழ்ந்தது. 213 பேர் உயிரிழந்தனர். 'பேரரசர் அசோகர்' எனப் பெயரிடப்பட்ட அவ்விமானம், ஏர் இந்தியா பெற்ற முதல் 747 ஆகும்.

தலைமை விமானியின் முன்னிருந்த சாய்வுகாட்டி பழுதுற்று, விமானம் வலப்புறம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. கீழே இருண்ட கடல். அடிவானம் கண்ணுக்குப் புலப்படவில்லை. இல்லாத வலச்சாய்வைத் திருத்தும் பொருட்டு விமானம் இடப்புறம் திருப்பப்பட்டது. அச்சாய்வு மேலும் மேலும் மிகுந்து விமானம் கவிழ்ந்தது.

இந்நிகழ்வில் தானியங்கி வானோட்டிக்கும் டிரிமுக்கும் இடமில்லை. எனினும் ஒப்புநோக்குவதற்கு இது தொடக்கப் புள்ளியாக அமைகின்றது. இங்குக் கருவி பொய்யுரைத்தது. மனிதர் அதனை நம்பினார். பழுது இன்னதென்று சுட்டிக்காட்ட இயலும். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பெங்களூரில் நேர்ந்த விபத்தில் இவ்வாறு சுட்டத்தக்க பழுது எதுவும் இல்லை.

பெங்களூர், 1990

இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஏர்பஸ் ஏ-320 விமானங்களை 1989இல் பணியில் ஈடுபடுத்தத் தொடங்கியது. விமானியின் அசைவுகளைக் கம்பியும் கப்பியும் கொண்டு கடத்தாமல், மின்குறிகளாக மாற்றிக் கணினிவழிக் கடத்தும் முறை பயணியர் விமானங்களுள் இவ்வகையிலேயே முழுமை பெற்றது. இதில் டிரிம் வழக்கமான பறத்தலின்போது தானாகவே இயங்கும். உந்துவிசையையும் கணினியே மிகுத்துக் குறைக்கும். அவ்வாறு செய்யும்போது விமானியின் கையருகே உள்ள உந்துவிசை நெம்புகோல்கள் அசைவதில்லை. முந்தைய விமானங்களில் நெம்புகோல் பின்னோக்கி நகர்வதைக் கை உணரும்; இங்கு அச்செய்தி திரையில் எழுத்தாக மட்டும் தோன்றும்.

1990 பெப்ரவரி 14ஆம் நாள் மும்பையிலிருந்து 146 பேருடன் வந்த ஏ-320, எச்.ஏ.எல். நிலையத்தை நெருங்கியது. பணியில் சேர்ந்து இரண்டு மாதங்கள்கூட நிறைவுறாத புதிய விமானம் அது. பட்டப்பகல், பார்வைத் தெளிவுக்குக் குறைவில்லை. இடப்புற இருக்கையில் இருந்த விமானி, தலைமைப் பொறுப்புக்கான தகுதிச் சோதனையில் இருந்தார். வலப்புறத்தில் அவரைச் சோதிக்கும் மூத்த விமானி அமர்ந்திருந்தார்.

இறுதி இறக்கத்தின்போது நிமிடத்துக்கு 700 அடி என்னும் இறங்குவீதம் கேட்கப்பட்டது. அதனை அமைக்கும் குமிழுக்கு மாறாக, உயரத்தை அமைக்கும் குமிழ் திருகப்பட்டிருத்தல் கூடும் என விசாரணையில் கருதப்பட்டது. பெங்களூர் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் உள்ளது. நிலமட்டத்துக்கும் கீழான ஓர் உயரத்தை நாடி இறங்குமாறு கட்டளை பெற்ற கணினி, அதற்குரிய இறக்க முறைக்கு மாறியது. அம்முறையில் எஞ்சின்கள் மிகக் குறைந்த விசையிலேயே நிற்கும். வேகத்தைப் பேணும் பொறுப்பு விமானத்தின் மூக்கை ஏற்றித் தாழ்த்தும் விமானியைச் சாரும். தானியங்கி வானோட்டி துண்டிக்கப்பட்டிருந்தமையால் இறக்கத்தைக் கையால் நடத்தியவர் விமானி. உந்துவிசையை மட்டும் கணினி வைத்திருந்தது. விமானி இறக்கப் பாதையைப் பேண மூக்கை உயர்த்தினார். கணினி எஞ்சினைத் தாழ்ந்த விசையிலேயே வைத்திருந்தது. வேகம் குறைந்துகொண்டே வந்தது.

இம்முறையிலிருந்து மீள ஒரு வழி இருந்தது. திரையில் வழிகாட்டிக் கோடுகளைக் காட்டும் இரண்டு அமைப்புகளையும் நிறுத்தினால், உந்துவிசைக் கணினி வேகத்தைப் பேணும் முறைக்குத் தானே மாறும். ஒரு விமானியின் அமைப்பு நிறுத்தப்பட்டது. மற்றவருடையது இயக்கத்திலேயே இருந்தது. ஒன்று எஞ்சியிருப்பினும் பழைய முறையே தொடரும் என்பது கணினிக்கு வகுக்கப்பட்ட விதி.

இறங்குவதற்குரிய வேகத்தினும் 26 நாட் குறைந்து 106 நாட் என்னும் நிலையை விமானம் எய்தியது. நிலத்திலிருந்து உள்ள உயரத்தைக் கணினிக் குரல் அறிவித்துக்கொண்டே வந்தது. இறுதி நொடிகளில் நெம்புகோல்கள் முன்னே தள்ளப்பட்டன. தாழ்நிலையில் சுழலும் ஜெட் எஞ்சின் முழுவிசை பெறச் சில நொடிகள் வேண்டும், அந்நொடிகள் எஞ்சியிருக்கவில்லை. ஓடுபாதைக்கு முன்னுள்ள கோல்ஃப் திடலில் விமானம் மோதி எழும்பி, மீண்டும் வீழ்ந்து தீப்பற்றியது. 92 பேர் மாண்டனர். விமானிகள் இருவரும் அவர்களுள் அடங்குவர்.

விசாரணையும் அதன் மொழியும்

கருநாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே. சிவசங்கர பட் தலைமையில் விசாரணை நடைபெற்றது. நிலைமையின் கடுமையை விமானிகள் உணர்ந்து உடனே செயற்படத் தவறியதே விபத்துக்குக் காரணம் என்பது அதன் மைய முடிபு. அதற்குள் இந்திய அரசு இந்தியன் ஏர்லைன்சின் ஏ-320 விமானங்கள் அனைத்தையும் பல மாதங்கள் தரையில் நிறுத்திவைத்தது. விமானியைக் காரணமாகக் கொண்ட முடிபும், விமானத்தை ஐயுற்ற நடவடிக்கையும் ஒரே நிகழ்வின் இருவேறு விளைவுகளாக அமைந்தன.

விசாரணை முடிபு கூற்றளவில் பிழையுடையதன்று. எச்சரிக்கைக் குரல் கேட்டபோதே நெம்புகோல்கள் தள்ளப்பட்டிருப்பின் விமானம் தப்பியிருக்கும். எனினும் 'என்ன செய்யத் தவறினர்' என்னும் வினாவுக்கு விடையளிக்கும் அம்முடிபு, 'ஏன் அறியத் தவறினர்' என்னும் வினாவைத் தனியே நிற்க விடுகின்றது. சோதிப்பவரும் சோதிக்கப்படுபவருமாக இரு தேர்ந்த விமானிகள் அமர்ந்திருந்த அறை அது. வேகத்தைக் கணினி காத்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கை, அது காக்காத ஒரு முறைக்கு மாறிய பின்னரும் தொடர்ந்தது. கையருகே இருந்த நெம்புகோல் அசையாமையால் கைக்கு எச்செய்தியும் கிட்டவில்லை. மாண்ட விமானிகள் தம் தரப்பை உரைக்கவும் இயலாது.

கலைச்சொல்லளவில் 'கட்டுப்பாட்டு இழப்பு' என்பதனுள் இவ்விபத்து முழுதும் அடங்காது. விமானம் இறுதிவரை இட்ட கட்டளைக்குப் பணிந்தே பறந்தது. ஆயின் எக்கட்டளைக்குப் பணிகின்றது என்பதை ஓட்டுநர் அறியாத நிலையும் கட்டுப்பாட்டை இழந்த நிலையே எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஸ்ட்ராஸ்பூரும் நகோயாவும்

பெங்களூர் நிகழ்வு தனித்த ஒன்றன்று என்பதை அடுத்த நான்கு ஆண்டுகள் காட்டின. 1992 ஜனவரி 20ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரை நெருங்கிய ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏ-320 மலையில் மோதி 87 பேர் உயிரிழந்தனர். 3.3 பாகை இறக்கக் கோணம் எனக் கருதி இடப்பட்ட எண்ணை, நிமிடத்துக்கு 3,300 அடி இறங்குவீதம் எனக் கணினி கொண்டது என்பதே விசாரணை கண்ட மிகப் பொருந்திய விளக்கம். ஒரே குமிழ், ஒரே சாளரம், இருவேறு பொருள்! பின்னர் இறங்குவீதம் நான்கு இலக்கங்களில் தோன்றுமாறு காட்சி மாற்றியமைக்கப்பட்டது.

1994 ஏப்ரல் 26ஆம் நாள் ஜப்பானின் நகோயாவில் நேர்ந்தது டிரிமோடு நேரடித் தொடர்புடையது. சைனா ஏர்லைன்சின் ஏ-300 விமானம் இறங்கிக்கொண்டிருந்தபோது, இறக்கத்தைக் கைவிட்டு மீண்டும் மேலெழுவதற்கான விசையைத் துணை விமானி அறியாமல் இயக்கிவிட்டார். அதன்பின் தானியங்கி வானோட்டியும் இணைக்கப்பட்டது. கணினி மேலெழ முயன்றது. துணை விமானி இறங்கும் பொருட்டுத் தண்டைத் தள்ளினார். தள்ளுவிசையை ஈடுசெய்யக் கணினி கிடைத்தளத்தை மூக்குயரும் திசையில் 5.3 பாகையிலிருந்து 12.3 பாகை வரை சாய்த்தது. இறுதியில் இறக்கம் கைவிடப்பட்டு உந்துவிசை மிகுந்தபோது, மூக்கு செங்குத்தாக உயர்ந்து, இறக்கைகள் ஏற்றுவிசையை இழந்து விமானம் வீழ்ந்தது. 271 பேருள் எழுவரே பிழைத்தனர்.

1991இல் மாஸ்கோவில் கிழக்கு ஜெர்மானிய நிறுவனமான இன்டர்ஃபுளூக்கின் ஏ-310 விமானம் இதையொத்த நிலையில் பலமுறை ஏறி வீழ்ந்து, பின் நல்லவண்ணம் தரையிறங்கியது. விமானி தண்டை வலிந்து தள்ளினால் தானியங்கி வானோட்டி விலகுமாறு செய்யும் திருத்தத்தை 1993இல் உற்பத்தி நிறுவனம் பரிந்துரைத்தது. நகோயாவில் வீழ்ந்த விமானத்தில் அத்திருத்தம் செய்யப்பட்டிருக்கவில்லை. ஒரு நகரில் உயிரிழப்பின்றிக் கற்பிக்கப்பட்ட பாடம் மற்றொரு நகரை உரிய காலத்தில் எட்டவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

2009 ஜூன் 1ஆம் நாள் அட்லாண்டிக் கடலில் 228 பேருடன் மறைந்த ஏர் பிரான்சு ஏ-330 விமானத்திலும், மூக்கு உயர்த்தப்பட்டதைத் தொடர்ந்து டிரிம் தானாகவே 3 பாகையிலிருந்து 13 பாகை வரை சென்று, இறுதிவரை அந்நிலையிலேயே இருந்தது.

புனே வழித்தடம், 2010

மங்களூரில் 158 பேரைப் பலிகொண்ட விபத்துக்கு நான்கு நாட்களுக்குப் பின், 2010 மே 26ஆம் நாள், துபாயிலிருந்து புனே நோக்கி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் போயிங் 737-800 விமானம் 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. தலைமை விமானி கழிவறைக்குச் சென்றிருந்தார். தனித்திருந்த துணை விமானி தம் இருக்கையை நகர்த்துகையில் கட்டுப்பாட்டுத் தண்டைத் தவறுதலாக முன்னே தள்ளிவிட்டார். இவ்வகை விமானத்தில் தண்டின்மேல் போதிய விசை விழுந்தால், தானியங்கி வானோட்டி உயரத்தைப் பேணும் பணியை விடுத்து, விமானியின் கையைப் பின்பற்றும் இடைநிலை முறைக்கு மாறும். தவறிய கையையும் அது பின்பற்றியது. மூக்குத் தாழ்ந்து விமானம் பாய்ந்தது.

அச்சத்தில் உறைந்த துணை விமானியால் கதவைத் திறக்க இயலவில்லை. தலைமை விமானி அவசரக் குறியீட்டைப் பயன்படுத்தி உள்ளே நுழைந்து விமானத்தை மீட்டார். அதற்குள் ஏறத்தாழ 7,000 அடி இழக்கப்பட்டிருந்தது. இத்தகைய நிலையைக் கையாளும் பயிற்சி துணை விமானிக்கு அளிக்கப்பட்டிருக்கவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது.

நகோயாவில் கணினி கைக்கு இணங்காமையால் கேடு நேர்ந்தது. இங்கு இணங்கியமையால் நேரவிருந்தது. ஆகவே கருவி கைக்குப் பணிய வேண்டுமா, எதிர்க்க வேண்டுமா என்பது மட்டும் வினாவன்று. இவ்விரண்டனுள் எதை அது செய்துகொண்டிருக்கின்றது என்பதைக் கை அறிகின்றதா என்பதே அடிப்படை வினா.

ஜாவாக் கடலும் இந்தியத் தடையும்

2018 அக்டோபர் 29ஆம் நாள் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்ட லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விமானம் ஜாவாக் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். அதன் தலைமை விமானி இந்தியர். ஒரேயோர் உணரியின் பிழையான அளவை நம்பி, ஒரு கணினி நிரல் கிடைத்தளத்தை மீண்டும் மீண்டும் மூக்குத் தாழும் திசையில் திருப்பியது. அந்நிரலைப் பற்றிய விளக்கம் விமானிகளின் கையேட்டில் இடம்பெறவில்லை. 2019 மார்ச் 10ஆம் நாள் எத்தியோப்பியாவில் அதே வகை விமானம் வீழ்ந்து 157 பேர் உயிரிழந்தபின், இந்தியாவும் அவ்விமானங்களின் பறத்தலுக்குத் தடைவிதித்தது. அத்தடை 2021 ஆகஸ்டு வரை நீடித்தது.

லயன் ஏர் விபத்துக்கு முந்தைய நாள், அதே விமானம் அதே கோளாறுடன் பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்கு நலமாக வந்து சேர்ந்தது. அன்று விமானிகள் டிரிம் மோட்டாருக்கான மின்னிணைப்பைத் துண்டித்து, முழங்காலருகே உள்ள சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பறந்தனர். விமானியறையில் மூன்றாவது விமானி ஒருவரும் இருந்தார். கருவியிடமிருந்து பணியை மீட்டுக்கொள்ளும் வழி கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது. அதனை நாடவேண்டிய தருணம் இது என்பதை உணர்வதே அரிதாயிற்று.

முடிவுரை

ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் கூடங்களில் உருளைகள் வந்தபின் கையால் புரட்டும் பணி குறைந்தது. ஆயினும் உருளை உரிய நேரம் சுழன்றுவிட்டது என்பதைக் கொண்டே தோல் பதமாயிற்று என எவரும் கொள்வதில்லை. ஒரு தோலை வெளியே எடுத்து, தடித்த பகுதியில் சிறிது அறுத்து, மருந்து நடுவரை ஊறியிருக்கின்றதா என நோக்குவர். வேலை கருவியிடம் சென்றபின்னும் வேலையின் நிலையை அறியும் பொறுப்பு கையை விட்டுச் செல்லவில்லை. வானோட்டத்தில் ஒப்படைக்கப்பட்டது வேலை மட்டுமன்று; அதன் நிலையை உணரும் வாய்ப்பும் உடன் சென்றது.

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, 1978இல் பிழையான செய்தியைத் தந்த கருவி காரணமாக, 1990இலும் 2010இலும் செய்தி சென்று சேராமை காரணமாயிற்று. இரண்டாவதாக, கேடு நேர்ந்த இடம் மனிதரின் பணியும் கருவியின் பணியும் கைமாறும் இடமே. அவ்விடத்தை ஆராயாத விசாரணை அரைப்பகுதியே நிறைவுற்றதாகும். மூன்றாவதாக, 'விமானியின் பிழை' என்னும் தொடர் விசாரணையை முடித்துவைப்பதற்கு உரியதன்று. அப்பிழை எவ்வாறு இயல்வதாயிற்று என்னும் அடுத்த வினாவைத் தொடங்கிவைப்பதற்கே உரியது.

பெங்களூரில் மாண்ட 92 பேருக்கும் இவ்வினா பயன்படாது. எனினும் அவர்களுள் இருவர் மீது மட்டும் முழுக் காரணத்தையும் ஏற்றி ஏட்டை மூடிவிடாதிருத்தல், வரலாற்றை எழுதுவோர்க்குரிய கடமையாகும்.